இரண்டு பிரதி

ஜலஜாவுக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை. 197 என்று சுழற்றினால் வரும் குரல்களில் ஒன்று அவளுடையது. பெயரும் தெருவும் சொன்னால் எண்ணைச் சொல்வாள். எண்ணைச் சொல்லி இது யார் வீடு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அப்படிக் கேட்கிறவர்கள் அதிகமாகிக்கொண்டு வந்தார்கள். மேஜைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு இன்னும் அதிகம்.

“ஒரு நம்பர் தரேம்மா. யார் வீடுன்னு மட்டும் சொல்லுங்க.”

“அப்படிச் சொல்றதில்லை சார்.”

“இப்பல்லாம் கம்ப்யூட்டர் வந்தாச்சே. கண்ணு முன்னாடி இருக்குமே.”

“இருக்கு.”

“அப்புறம் சொல்றதுக்கு என்ன?”

“என் கண்ணு முன்னாடிதான் இருக்கு சார்.”

அந்த ஆள் கவர்மென்ட் திமிர் என்று தொடங்கி வேறு சிலவும் சொன்னான். ஜலஜா கேட்டுக்கொண்டாள். திட்டை வாங்கிக்கொள்ள அவளுக்குச் சம்பளம் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருந்த சகினா ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திச் சிரித்தாள்.

“இன்னாக்கா, காலங்காத்தால அர்ச்சனையா?”

“ஏதோ ஒரு பொண்ணு நம்பரைப் பிடிச்சு வெச்சுண்டிருக்கான். வீட்டைத் தேடறான்.”

“பொண்ணுன்னு உனக்கு எப்டி தெரியும்?”

“அவன் குரல்லயே தெரியறதே.”

ஜலஜா இருபது வயதில், வெளியூர் அழைப்புகளை இணைக்கிற ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தவள். சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். காதில் விழுவதை வெளியே சொல்வதில்லை என்ற உறுதிமொழி. உடன் சேர்ந்த பெண்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். ஜலஜா படித்தாள். அதில் அம்மாவிடம் சொல்லலாம், கட்டிக்கொள்கிறவனிடம் சொல்லலாம் என்றெல்லாம் எதுவும் இல்லை. அப்படியானால் யாரிடமும் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

ட்ரங்க் கால் காலத்தில் பட்டணமே அவள் காது வழியாகத்தான் வெளியூருக்குப் போய் வந்தது. இணைப்புக் கிடைத்ததா, பேச்சு நடக்கிறதா என்று நடுவில் ஒருமுறை லைனுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் என்ன விழுகிறதோ அது விழும். பார்த்தவுடன் விசையை எடுத்து, லைனை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். எடுக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. சினிமாக்காரர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு சாப்பாட்டு வேளையில் கதை சொல்வார்கள். ஜலஜா அந்த மேஜையில் உட்கார்வதில்லை. கர்வக்காரி என்று பெயர் வந்தது.

ஒருநாள் டெல்லியிலிருந்து பாரிமுனையில் ஒரு கம்பெனிக்கு அழைப்பு. லைனுக்குள் போனாள். “உன் மச்சினன் போய்ட்டான்” என்று ஒரு குரல். கூடவே ஒரு பெயர். விசையை எடுத்துவிட்டாள். அது எதிர்வீட்டுப் பெண்ணின் தம்பி பெயர். பட்டாளத்தில் இருந்தவன். போன தீபாவளிக்கு வந்து ஜலஜா வீட்டு மாடியில் ராக்கெட் விட்டான்.

டூட்டி முடிந்து பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்தாள். எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று பூக்காரி தாயம்மாவிடம் மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஜலஜாவைப் பார்த்ததும், “உனக்கும் ஒரு முழம் வாங்கட்டுமா?” என்றாள். ஜலஜா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பெண் மல்லிகை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கணவன் வந்தான். அதன் பிறகுதான் அழுகை.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்தப் பெண் கேட்டாள். “அன்னிக்கு நீ டூட்டில இருந்தியோ?”

“ஞாபகம் இல்லை” என்றாள் ஜலஜா.

இதைத் தன் கணவன் சுவாமிநாதனிடம்கூட அவள் சொன்னதில்லை. அதனால் பின்னால் நடந்தது அவளுக்கு ஏன் அவ்வளவு பெரிய அக்கிரமமாகத் தோன்றியது என்று அவருக்குக் கடைசிவரை புரிந்ததா என்பது சந்தேகம்.

சுவாமிநாதன் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு இன்டர்நெட்டைப் பிடித்துக்கொண்டார். தி. நகரில் அதைப் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும் முதல் வரிசையில் இருப்பார். உலகம் ஒரே கிராமமாகிவிட்டது என்று வந்து சொல்வார். ஜலஜா குழம்புக்குத் தாளித்துக் கொட்டிக்கொண்டே, கிராமத்தில் எல்லார் வீட்டுச் சங்கதியும் எல்லாருக்கும் தெரியும் என்பாள். அதை அவர் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்.

மகள் வர்ஷினி நியூஜெர்ஸியில் இருந்தாள். மாப்பிள்ளை சாய்நாத்துக்கு இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிப்போகாமல் திருத்துகிற வேலை. இரவு பகல் பாராமல் திருத்தினான். வர்ஷினி இங்கே கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவள். அங்கே அவளுடைய விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பொது நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் படிப்பாள். அங்கே இருந்த கம்ப்யூட்டரிலிருந்து வீட்டுக்கு மெயில் அனுப்பலாம் என்று தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

லஸ் பக்கத்தில் ஸ்ரீவத்சன் என்பவன் நடத்திய சென்டர்தான் அந்தத் தெருக்களுக்கெல்லாம் தபாலாபீஸ். முதலில் ஜெராக்ஸும் எஸ்.டி.டி. பூத்துமாக இருந்தது. பிறகு ஒரு மோடம் வாங்கிப் போட்டு, கண்ணாடிக் கதவில் இன்டர்நெட் என்று ஒட்டினான். ஒரே ஒரு மெயில் முகவரி. ஊரில் யாருக்கு வந்தாலும் அதற்குத்தான் வரும். மேலே பெயர் போட்டு அனுப்ப வேண்டும். ஸ்ரீவத்சன் பிரிண்ட் எடுத்து, தெருப் பெயர் ஒட்டிய தட்டுகளில் போட்டு வைப்பான். மாலை நடைக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சிரமம். அவனே சாராம்சத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவான்.

“மாமி, வர்ஷினிக்கு ஜலதோஷமாம். கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்லை.”

ஜலஜா காகிதத்தை வாங்கிக்கொண்டாள். “நீ எதுக்குப் படிச்சே?”

“படிக்காம எப்படி மாமி, யாருதுன்னு தெரியும்?”

“மேலே பேர் இருக்கே.”

“கண்ணுல படறதே மாமி.”

அவளுக்கும் முப்பது வருஷம் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சுவாமிநாதனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். “தபால்காரன் போஸ்ட் கார்டு படிக்கறதில்லையா? அதுபோலத்தான். நீ எதையும் இலாகா கண்ணால பாக்கறே.”

அவர் அதற்கு முன்பே இரண்டு காரியங்கள் செய்திருந்தார். வர்ஷினியின் முதல் மெயிலை, தெருவிலேயே முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான் என்ற பெருமையில், கடைக் கதவில் மாதிரியாக ஒட்டிக்கொள்ளச் சம்மதம் கொடுத்திருந்தார். “அன்புள்ள அம்மா, இங்கே தயிர் உறைய மாட்டேன் என்கிறது” என்று தொடங்கும் மெயில். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்தார்கள். காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஜலஜாவை நிறுத்தி, மிளகாய்க் காம்பு போட்டு உறை ஊற்றச் சொல்லுங்கள் என்றாள்.

இரண்டாவது காரியம் சம்பந்தி வீட்டைப் பற்றியது. சாய்நாத்தின் அம்மா ஜானகி மந்தைவெளியில் இருந்தாள். மெயில் உங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்று ஒருநாள் ஜானகி குறைப்பட்டாள். சுவாமிநாதன் சம்பந்தி மனம் கோணக்கூடாது என்று நினைத்தார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த நினைப்பு எப்போதும் உண்டு. ஸ்ரீவத்சனிடம் போய், வர்ஷினியிடமிருந்து எது வந்தாலும் இரண்டு பிரதி எடு, ஒன்று எங்களுக்கு, ஒன்று மந்தைவெளிக்கு என்று சொல்லி வைத்தார். வந்து ஜலஜாவிடமும் சொன்னார். அவளும் சரி என்றாள். தயிர், ஜலதோஷம், பனி, பக்கத்து வீட்டுக் கொரியாக்காரி. இதில் சம்பந்திக்குத் தெரியக்கூடாதது என்ன? சரி என்று சொன்னதை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். வர்ஷினிக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வைகாசியில் ஒரு மாலை சுவாமிநாதன் நடை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். சட்டைப் பையில் மடித்த காகிதம்.

“வர்ஷினியா?”

“ம்.”

“குடுங்கோ.”

“உக்காந்து படி.”

முதல் வரியே இப்படி இருந்தது: இது உனக்கு மட்டும் அம்மா, அப்பாவுக்குக்கூட இப்போது வேண்டாம். ஜலஜா தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். மேலே படித்தாள்.

வேறொரு ஊரில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு. ஆகஸ்டில் தனியாகப் போகப்போகிறேன். திரும்பி இந்த வீட்டுக்கு வருவேனா என்று எனக்கே தெரியாது. சாய்நாத் கெட்டவன் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக நான் இங்கே ஒரு நாற்காலி மாதிரி இருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசியில் அவன் வேலை கொஞ்சம் குறையும். அப்போது நானே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வேறு யார் சொல்லியும் அவன் கேட்கக்கூடாது. அந்த மரியாதையையாவது அவனுக்குக் கொடுக்க நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் அம்மா?

ஜலஜா இரண்டாம் முறை படித்தாள். அப்புறம் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் வெறுமையாக இருந்தது.

“இன்னொண்ணு எங்கே?” என்றாள்.

“எது?”

“ரெண்டு காப்பின்னு சொல்லி வெச்சிருந்தேளே. மந்தைவெளிக் காப்பி எங்கே?”

சுவாமிநாதன் அப்போதுதான் அதை நினைத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் ஜலஜா எழுந்துவிட்டாள். அவர் செருப்போடு அப்படியே திரும்பிக் கடைக்கு ஓடினார். மந்தைவெளித் தட்டு காலி. “இப்பதான் மாமா, ஜானகி மாமி வந்து எடுத்துண்டு போனா” என்றான் ஸ்ரீவத்சன்.

யாருக்கு எழுதப்பட்டதோ அவள் நான்காவது ஆளாகப் படித்திருக்கிறாள்.

மறுநாள் காலை தொலைபேசி மணி நீளமாக அடித்தது. வெளிநாட்டு மணி. ஜலஜா எடுத்தாள்.

“அம்மா, நீ சொன்னியா அவாகிட்ட?”

“இல்லைடி, நான் சொல்றதைக் கேளு…”

“அவன் அம்மா அவனுக்குப் போன் பண்ணி ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டியிருக்கா. நாற்காலின்னு எழுதினது வரைக்கும். உனக்குத்தானே எழுதினேன்? உனக்கு மட்டும்னுதானே எழுதினேன்?”

“வர்ஷினி…”

லைன் போய்விட்டது. ஜலஜாவுக்கு லைன் போவதில் எல்லா வகையும் தெரியும். எக்ஸ்சேஞ்சில் அறுவது ஒரு மாதிரி, கடலுக்கடியில் கேபிளில் போவது ஒரு மாதிரி. இது ஒருத்தி ரிசீவரைக் கீழே வைத்தது.

திரும்பக் கூப்பிட்டாள். சாய்நாத்தின் குரல் இங்கிலீஷில், நாங்கள் வீட்டில் இல்லை, பீப் ஒலிக்குப் பிறகு பேசுங்கள் என்றது. அந்த வீட்டுக் கூடத்தில் அவள் குரல் பொதுவில் ஒலிக்கும். பேசாமல் வைத்தாள். ஒரு வாரம் அந்தக் குரல்தான் எடுத்தது. ஏர்மெயில் எழுதலாம். அதை அங்கே யார் பிரிப்பார்களோ. மெயில் அனுப்பலாம் என்றார் சுவாமிநாதன், தயங்கித் தயங்கி. ஸ்ரீவத்சனிடம் எழுதிக் கொடுத்தால் அடித்து அனுப்புவான். ஜலஜா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

முப்பது வருஷம். எத்தனை சாவு, எத்தனை கடன், எத்தனை ஓடிப்போனது, எத்தனை அரசியல். ஒரு சொல் அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. போனது என்று முதலில் சொல்கிறவள் அவள் பெண். அவளுக்கு அழுகை வரவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு மந்தைவெளிக்குக் கிளம்பினாள்.

ஜானகி காபி கொண்டுவந்து வைத்தாள். ஜலஜா தொடவில்லை.

“அம்மா மட்டும் படிக்கணும்னு முதல் வரியில இருந்ததே மாமி. பாக்கலையா?”

“பார்த்தேன். எனக்குன்னு தட்டுல போட்டிருந்தது, எடுத்தேன். உங்காத்து மாமா பண்ணின ஏற்பாடுதானே?”

“முதல் வரியோட நிறுத்தியிருக்கலாமே.”

“என் பிள்ளையோட வாழ்க்கை அதுல இருக்கு. நீங்களா இருந்தா படிக்காம மடிச்சு வெச்சுடுவேளா?”

“வெச்சுடுவேன்.”

ஜானகி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. நிஜமாகவே நம்பாத சிரிப்பு. “சும்மா சொல்லாதேங்கோ. உலகத்துல யாராலயும் முடியாது.”

ஜலஜாவுக்கு மல்லிகை வாசனை ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால் ஜானகி வாயை மூடலாம். ஆனால் அதையும் சொல்வதற்கில்லை. எழுந்துகொண்டாள்.

“காப்பி ஆறிடுத்தே மாமி.”

“ஆறட்டும்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அங்கிருந்து நேராக லஸ். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கதவில் அந்த முதல் மெயில் வெயிலில் மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜலஜா நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். தயிர் பாதி கையில் வந்தது, பாதி கண்ணாடியில் நின்றது. மீதியையும் சுரண்டினாள்.

“மாமி, என்ன இது” என்று ஸ்ரீவத்சன் எழுந்து வந்தான்.

“உனக்கு மட்டும்னு ஒரு பொண்ணு தன் அம்மாவுக்கு எழுதறா. அதை ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணை மாமியாருக்குப் போட்டிருக்கே.”

“ரெண்டு காப்பின்னு மாமாதான் சொன்னார். நான் வேணும்னா பண்ணினேன்?”

“படிச்சியா இல்லையா?”

“கண்ணுல பட்டது.”

“பட்டப்புறமும் போட்டியே.”

“அது சிஸ்டம் மாமி. ஒவ்வொண்ணா யோசிச்சுண்டு இருந்தா கடை நடத்த முடியுமா?” அவன் குரலைத் தாழ்த்தி, படித்தவர்களிடம் பேசுகிற பாணிக்கு மாறினான். “நெட்டுன்னாலே ஓப்பன் மாமி. அதான் அதோட அழகே. அமெரிக்காவிலேயே இப்ப இதான் பேச்சு. மறைக்க ஒண்ணுமில்லாதவாளுக்கு என்ன பயம்?”

“உன் கல்லாவை ஏன் பூட்டி வெச்சிருக்கே?”

“அது காசு.”

“இது என் பொண்ணு.”

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஸ்ரீவத்சன் அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத் திரையைத் திருப்பினான். “பாருங்கோ, எதுவும் தொலையலை. ஆரம்பத்துலேர்ந்து வந்ததெல்லாம் அப்படியே இருக்கு. யாராவது பிரிண்டைத் தொலைச்சுட்டா திரும்பக் கேப்பா, அதுக்காக. எல்லார் ஆத்துதும் இருக்கு.” திரையில் தெருக்காரர்களின் பெயர்கள் வரிவரியாக மேலே ஓடின. ஜலஜா சட்டென்று முகத்தைத் திருப்பி எதிர்ச்சுவரில் இருந்த பஞ்சாங்க நாட்காட்டியைப் பார்த்தாள். விசையை எடுக்கிற பழக்கம். அவள் எதற்காகத் திரும்பிக்கொண்டாள் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை.

“வர்ஷினியோடதை எல்லாம் அழி” என்றாள், நாட்காட்டியைப் பார்த்தபடியே.

“மாமா சொல்லட்டும் மாமி. அவர் பேர்லதான் கணக்கு.”

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சகினா டப்பாவைத் திறக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சி ஏன்கா இப்டி கீது? யாரு செத்தா?”

ஜலஜா சொன்னாள். மெயிலில் இருந்ததைச் சொல்லவில்லை. மெயில் போன வழியை மட்டும் சொன்னாள். சகினா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எங்க அக்கா வூட்டுக்காரரு துபாய்ல கீறாரு. மாசத்துக்கு ஒரு கேசட்டு வரும். மாமியா, நாத்தனாரு, பக்கத்து வூட்டு ஆளுங்கோ எல்லாம் டேப்பைச் சுத்தி குந்திக்கினு கேக்கும். அவரும் எல்லாருக்கும் சலாம் சொல்லிக்கினே போவாரு. அக்காவுக்குச் சொல்ல வேண்டியத ரெண்டாவது பக்கத்துல, நாலு பாட்டு போட்டு, அதுக்கப்புறம் வெச்சிருப்பாரு. பாட்டு வந்ததும் கிழவிங்கோ எழுந்து போய்டும்.”

“யார் சொல்லிக் குடுத்தா அவருக்கு?”

“யாரு சொல்லணும்? பொண்டாட்டியாண்ட பேசணும்னா புத்தி தானா வரும். உன் பொண்ணு ரொம்பப் படிச்சது. உனக்கு மட்டும்னு எழுதினா உனக்கு மட்டும் வந்துடும்னு நம்பிடுச்சு.”

சகினா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். “சொந்தமா ஒரு மெயிலு தொறந்துக்கக்கா. ஓசிதான். எம் பொண்ணு தூபா ராயப்பேட்டைல ஒரு கடைல தொறந்துக்கினா. பாஸ்வேர்டு இன்னாடின்னு கேட்டா பெத்தவ எனக்கே சொல்ல மாட்டேங்குறா.”

“நீ எதுக்குக் கேட்டே?”

“அம்மாவாச்சே.”

“கேக்காதே.”

சகினா வாய்க்குள் ஏதோ உருதுவில் முனகிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். “வா, ராயப்பேட்டைலயே தொறந்து தரேன். ஒருத்தனும் உன்னத் தெரியாது.”

“வேண்டாம். அங்கேயே திறக்கறேன்.”

“அந்தக் கடையிலயா? வீம்புக்கா?”

“ஆமாம்” என்றாள் ஜலஜா.

சனிக்கிழமை காலை போனாள். சுவாமிநாதனும் கூட வந்தார். வரச்சொல்லவில்லை, வந்தார். கடைக்குள் நுழைந்ததும் அவரே ஸ்ரீவத்சனிடம், வர்ஷினியுடையதை எல்லாம் அழித்துவிடு, இனிமேல் ஒரு பிரதியும் வேண்டாம் என்றார். ஸ்ரீவத்சன் தோளைக் குலுக்கிவிட்டு அழித்தான்.

“எனக்குச் சொந்தமா ஒரு முகவரி வேணும்” என்றாள் ஜலஜா.

“தாராளமா மாமி. இப்ப நிறையப் பேர் திறந்திருக்கா.” நாற்காலியை இழுத்துப் போட்டான். பெயர், ஊர் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அடித்தான். “பாஸ்வேர்டு சொல்லுங்கோ, அடிச்சுடறேன்.”

“நான் அடிக்கறேன். எனக்கு வரும்.”

“வராதுன்னு சொல்லலை. மறந்துடுவேள். பெரியவாளுக்கெல்லாம் மறந்துடறது, மெயிலைத் திறக்க முடியாம நின்னுண்டு முழிக்கறா. அதுக்குத்தான் இது.” அவன் கை காட்டிய இடத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே, வெள்ளைப் பலகை ஒன்று தொங்கியது. இடப்பக்கம் வீட்டுக்காரர்கள் பெயர். வலப்பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல். முருகா. கற்பகம். பேரன்களின் செல்லப் பெயர்கள். ஒரு ரிட்டயர்டு நீதிபதியின் பெயருக்கு நேரே ஜாங்கிரி என்று இருந்தது.

ஜலஜா வலப்பக்கத்தைப் படித்த பிறகுதான் படித்துவிட்டோம் என்று உணர்ந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக விசையை எடுக்கத் தவறிவிட்டாள். அந்தக் கோபம்தான் அவளை எழுப்பியது. பலகைக்குக் கீழே தொங்கிய துணியை எடுத்து, மேலிருந்து கீழ்வரை, ஒரே சீராகத் துடைத்தாள்.

“மாமி! எல்லாரும் என்ன பண்ணுவா?”

“ஞாபகம் வெச்சுப்பா.”

“ஜட்ஜ் மாமாவுக்குத் தன் போன் நம்பரே ஞாபகம் இருக்காது.”

“அதுக்கு நூத்தித் தொண்ணூத்தேழு இருக்கு” என்றாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

“நானா?”

“நீதான்.”

ஸ்ரீவத்சன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். கடையில் இருந்த மற்ற இருவரையும் ஜலஜா பார்த்தாள். அவர்களும் திரும்பினார்கள். ஒருவர் கையில் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்த ரேஷன் கார்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ தேசிய கீதத்துக்கு நிற்பது போல இருந்தது. ஜலஜா அடித்தாள். திரையில் எழுத்துக்குப் பதிலாக எட்டு நட்சத்திரங்கள் வந்தன.

அப்புறம் வர்ஷினிக்கு எழுதினாள். நான் சொல்லவில்லை என்று தொடங்கினாள். இரண்டு பிரதி விஷயத்தைச் சுருக்கமாக எழுதினாள். அப்பா செய்தது, நானும் சரி என்றேன், உன்னிடம் சொல்லாதது எங்கள் தப்பு. இந்த முகவரி எனக்கு மட்டும், திறக்கிற சொல் வேறு யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும். நீ கேட்டதற்குப் பதில்: போ.

பிரிண்ட் எடுக்கட்டுமா என்று சுவரைப் பார்த்தபடியே ஸ்ரீவத்சன் கேட்டான். வேண்டாம் என்றாள்.

தெருவுக்குக் கோபம் வந்தது. ஜலஜா மேல். மூன்று நாட்களில் பாதிப் பேர் தங்கள் மெயிலைத் திறக்க முடியாமல் திண்டாடினார்கள். நீதிபதி சுவாமிநாதனை நிறுத்தி, உங்காத்துல கொஞ்சம் சொல்லி வையுங்கோ சார் என்றார். கோயில் வாசலில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துப் பேச்சை மாற்றினார்கள். பெண் புருஷனை விட்டுப் போகிறாள், அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு பேச்சு. பெண் போகிற விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த வழியைப் பற்றி ஒருவருக்கும் வருத்தமில்லை. ஸ்ரீவத்சனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் பலகை மறுபடி நிரம்பியது. ஜாங்கிரிக்குப் பதில் இப்போது வேறு பலகாரம் இருந்திருக்கலாம். ஜலஜா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

தினமும் டூட்டி முடிந்து வரும் வழியில் கடைக்குள் போவாள். சொல்லை அடிப்பாள். ஒன்றும் இருக்காது. ஸ்ரீவத்சன் அவளைக் கண்டதும் தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பப் பழகிக்கொண்டான். ஏளனமாகத்தான் திரும்பினான். திரும்பினான் என்பது அவளுக்குப் போதும்.

ஒரு மாலை திரையில் ஒரு வரி இருந்தது. வர்ஷினியின் பெயர். ஜலஜா சுற்றிலும் பார்த்துவிட்டுத் திறந்தாள். மெதுவாக, கடைசிவரை படித்தாள். மறுபடியும் படித்தாள். மூடினாள். அதில் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

எழுந்து திரும்பியபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவாமிநாதன் நின்றுகொண்டிருந்தார். நடைக்கு வந்தவர் அவளைப் பார்த்து நின்றிருக்க வேண்டும். கடைக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி நின்றார். அவரிடம் யாரும் திரும்பச் சொல்லவில்லை.

இருவரும் நடந்தார்கள். சிக்னல்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். சிக்னலில் வாயைத் திறந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“வெண்டைக்காய் வாங்கணுமா?” என்றார்.

“வாங்கணும்” என்றாள் ஜலஜா.